படத்தில் இல்லாத குழாய்

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நகல் எடுக்கும் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததை மறைவில் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வருத்தமில்லை. எந்த ஓடையில் என்ன கலக்கிறது, யாருடைய வயலிலிருந்து கலக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உருப்பட்டாற்போலத்தான்.

சுற்றுவட்டாரத்து ஓடைகள் எல்லாம் கடைசியில் நகரத்தின் குடிநீர் ஏரியில் போய் விழுகின்றன. மழை பெய்தால் வயல்களில் கிடக்கும் உரமும் சாணமும் கரைந்து ஓடைக்கு வரும். ஓடையும் தன் பங்குக்குக் கரையைக் கடித்துச் சேற்றைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலமாக ஏரி முழுக்கப் பாசி. வீட்டுக் குழாயைத் திறந்தாலே நாற்றம் அடிக்கிறது என்று ஆளாளுக்கு எங்கள் மேல் பாய்ந்தார்கள். எந்த நிலத்தின் வழியாக ஓடையில் அதிகம் இறங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, அந்த நிலத்தைப் படத்தில் சிவப்பாகக் காட்டச் சொல்லி இயக்குநர் உத்தரவிட்டார். சிவப்பு விழுந்த நிலத்தில் ஓடையை ஒட்டி அகலமாக ஒரு பட்டையை உழவே கூடாது. புல்லும் மரமுமாக விட்டுவிட வேண்டும்.

படம் தயாராகி வந்த அன்று என் தம்பியின் நிலம் மிளகாய்ப்பழ நிறத்தில் இருந்தது.

தம்பியின் நிலம் ஓடையோடு கூடவே நீளமாகப் போகிறது, அகலம் கிடையாது. அந்தப் பட்டையைக் கழித்தால் மிச்சமிருப்பதில் டிராக்டரைத் திருப்பக்கூட இடம் இருக்காது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது, பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருக்கின்றன. உத்தரவு வந்தால் நிலத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

கணக்குப் போட்டவர் என் அடுத்த மேஜைக்காரர். அவருக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் வரும். கொஞ்ச நாளாக அவர் போக்கே சரியில்லை. நான் அந்தப் பக்கம் நடந்தால் திரையில் எதையோ சட்டென்று மூடுவார். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்க் கிசுகிசுவென்று பேசுவார். தம்பியின் நிலத்துக்கு மேலே, மேட்டில், பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று இருக்கிறது. அந்தப் பண்ணைக்காரரின் வண்டி ஒரு நாள் எங்கள் வாசலில் நின்றது. இவர் அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஊமைக்கோட்டான் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பண்ணை படத்தில் வெளிர் மஞ்சள், தம்பி சிவப்பு. இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

இயக்குநரிடம் போய், அது என் தம்பியின் நிலம் என்று முதலில் நானே சொல்லிவிட்டேன். பிற்பாடு வேறு யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

"சரி, நீங்க கேள்வி கேக்கலாம். முடிவு மட்டும் கணக்குப் போட்டவர் எடுக்கட்டும்," என்றார் இயக்குநர்.

"அவரே எடுத்தா எப்படி சார்?"

"ஏன், அவருக்கு என்ன?"

கையில் ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். விடுமுறை நாளில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன்தான் அடிக்கடி என் வீட்டுக்கு வருவான், நான் அங்கே போய் வெகு நாளாகியிருந்தது.

பயிர் கரும்பச்சையாக, இடுப்புக்கு மேல் நின்றது. பார்க்கவே நிறைவாக இருந்தது. ஓடைக்கரைதான் பயமுறுத்தியது. வயலோரமாகப் புதிதாக ஒரு பள்ளம் அறுத்துக்கொண்டு போய் ஓடையில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் கரை சரிந்து, ஒரு மரம் பாதி வேரோடு அந்தரத்தில் தொங்கியது.

"ஓடை கடிச்சுக்கிட்டே வருதுக்கா," என்றான் தம்பி. "என் நிலத்த அது தின்னுது. நீங்க என்னடான்னா நான் ஓடையக் கெடுக்கறேன்னு படம் போடறீங்க."

"நான் போடலடா."

"உன் ஆபீஸ்தானே."

கை கழுவப் போனபோது குளியலறைக்குப் புதுக் கதவு போட்டிருப்பதைப் பார்த்தேன். அதற்கு முன் அங்கே இருந்தது எங்கள் அப்பா காலத்துத் தகரக் கதவு. சின்ன வயதில் தம்பி உள்ளே போனால் சீக்கிரத்தில் வெளியே வரமாட்டான். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில் நான் விட்ட உதையில் கதவின் கீழ்ப்பக்கம் நன்றாக உள்வாங்கிப் போனது. அப்பா என்னைத் திட்டினாரே தவிர கதவை மாற்றவில்லை.

"என் கதவ என்னடா பண்ணின?"

"உன் கதவா? துருப்பிடிச்சுப் போச்சு. எப்பவோ எடைக்குப் போட்டாச்சு."

தம்பி மனைவி எதற்கோ சமையலறைக்குள் போய்விட்டாள். தம்பி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நீ யாரையும் நம்ப மாட்டியே, அந்தக் கம்ப்யூட்டர மட்டும் எப்படி நம்பற?"

"யார் நம்பினது?"

"பண்ணைக்குக் கீழ ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் போகுதுல்ல, அது உன் படத்துல இருக்கா? பாரு மொதல்ல."

எனக்குப் பொறி தட்டியது. விமானத்தில் பறந்து நிலத்தின் உயரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கணக்குக்கு அதுதான் அடிப்படை. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தாழ்வான பக்கத்துக் கட்டத்துக்குத் தண்ணீரை அனுப்பிக்கொண்டே போகும் கணக்கு. மேலிருந்து பார்த்தால் மேடாகப் போட்ட சாலை தெரியும், அதற்கு அடியில் போகும் குழாய் தெரியாது. கம்ப்யூட்டருக்குச் சாலை என்பது ஒரு சுவர். எங்கெங்கே குழாய் போகிறது என்று தேடிப் பார்த்து, படத்தில் அந்தச் சுவரை நாங்கள்தான் கையால் வெட்டிவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் போதும், தண்ணீர் போகாத ஊருக்கெல்லாம் போகும்.

மாட்டுப் பண்ணையின் கழிவுத் தண்ணீர் சரிவில் இறங்கிச் சாலையில் வந்து முட்டுகிறது. குழாய் இருந்தால் சாலையின் மறுபக்கம் போய் அங்குள்ள ஓடையில் சேரும். குழாய் இல்லையென்றால் சாலையோரமாகவே வழிந்து தம்பியின் வயலில் இறங்கும். ஊமைக்கோட்டான் குழாயை விட்டுவிட்டார். அல்லது, என்று என் புத்தி உடனே திருத்தியது, வேண்டுமென்றே விட்டார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் தம்பி போனில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். வட்டமான சிமெண்டுக் குழாயின் வாய், சுற்றிலும் புல். வேறு யாராவது அனுப்பியிருந்தால் எப்போது எடுத்தது, சாலைக்கு எந்தப் பக்கம் என்று குடைந்து எடுத்திருப்பேன். தம்பிக்கு, 'இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் போட்டேன்.

மறுநாள் இயக்குநர் அறையில் ஊமைக்கோட்டானின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினேன்.

"இது உங்க படத்துல எங்க இருக்கு?"

அவர் போனை வாங்கி வெகு நேரம் பார்த்தார். மழுப்புவார், எகிறுவார், பண்ணைக்காரர் பெயரை இழுப்பார் என்று எல்லாவற்றுக்கும் பதிலை நாக்கின் நுனியில் வைத்திருந்தேன்.

"விட்டுட்டேன் மேடம்," என்றார். "தப்புதான்."

அவ்வளவுதான். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, சாலையின் குறுக்கே குழாயை வெட்டி, கணக்கை மறுபடி ஓடவிட்டார். படம் வந்தது. தம்பியின் நிலம் மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. சாலையின் மறுபக்கம், இரண்டு சகோதரிகள் சேர்ந்து பயிர் செய்யும் சின்ன நிலம் ஒன்று, சிவந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சகோதரிகளைப் பற்றி எந்த உறுத்தலும் வரவில்லை. தம்பி தப்பித்தான் என்று சந்தோஷமாக இருந்தது.

"அப்ப முடிஞ்சுதா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார்," என்றார் ஊமைக்கோட்டான். கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணு காட்டணும். இத்தன நாளா மறைச்சு வச்சிருந்தேன்."

வா வழிக்கு, என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தம்பி பக்கத்து ஓடையில் நாங்கள் ஒரு கருவி வைத்திருக்கிறோம். உரக் கழிவு எவ்வளவு, சேறு எவ்வளவு என்று அது அளந்துகொண்டே இருக்கும். கருவி அளந்தது நீலக்கோடு, கம்ப்யூட்டர் போட்டது கறுப்புக்கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் கணக்கு சரி.

"மொதல்ல குழாய் இல்லாம போட்டப்ப, போன ரெண்டு மழைக்கும் அப்படியே ஒத்துப்போச்சு. அதுக்கு முந்தின வருஷமெல்லாம் தாறுமாறா வந்துச்சு. ஏன்னு புரியல. கேவலமா இருந்துச்சு. நீங்க பாத்துடுவீங்களேன்னு மூடி மூடி வச்சேன். படிக்கட்டுல நின்னு என் பழைய வாத்தியாருக்குப் போன் போட்டு யோசன கேட்டேன். பண்ணைக்காரர்கூடக் கழிவுத் தண்ணி எவ்வளவுன்னு கணக்கு குடுக்க வந்தார். சிரிச்சுப் பேசித்தான் அவர்கிட்ட வாங்க வேண்டியிருந்துச்சு."

எனக்கு முகம் சுட்டது. நான் சேர்த்து வைத்திருந்த சாட்சிகள் வரிசையாக வந்து, தாங்கள் அப்பாவிகள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டன.

"இப்ப குழாய வெட்டினதும் பழைய வருஷமெல்லாம் அழகா ஒத்துவருது பாருங்க," என்று விரலால் காட்டினார். "போன ரெண்டு மழைதான் கைவிட்டுடுது. கருவியில ஏகத்துக்கு ஏறுது, கணக்குல ஏறல."

"கருவியில பாசி பிடிச்சிருக்கும்," என்றேன் உடனே. சந்தேகப்பட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது எனக்கு.

"இருக்கலாம் மேடம். எதுக்கும் நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம். குழாயோட அகலமும் கணக்குக்கு வேணும். குழாய் இருக்குன்னு நீங்க பாத்துச் சொன்னா போதும், நான் அப்படியே போட்டு அனுப்பிடறேன்."

அலுவலக வண்டியில் போனோம். வழியில் தம்பிக்குத் தகவல் சொல்லலாமா என்று நினைத்து, போன் செய்தேன். "குழாய அளக்க வர்றோம்டா." "வெயில்ல அங்கல்லாம் எதுக்குக்கா, நேரா வீட்டுக்கு வாங்க. நான் அளந்து வச்சிருக்கேன்," என்றான். நீ எப்போதடா அளந்தாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் முள் குறைவு. ஊமைக்கோட்டான் நாடாவை எடுத்துக்கொண்டு அங்கே இறங்கினார். நான் பண்ணைச் சரிவு இருக்கும் இந்தப் பக்கம் இறங்கினேன். ஆளுயரத்துக்குப் புல். தரை சொதசொதவென்று இருந்தது, மாட்டுச் சாண நாற்றம் மூக்கில் ஏறியது. மழை நின்று எத்தனையோ நாளாகியும் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அது குழாய் இருக்க வேண்டிய பக்கம் போகவில்லை. சாலையோரமாகத் திரும்பி, தம்பியின் வயலைப் பார்க்க மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

புல்லை விலக்கினேன். மண் மூட்டைகள் அடுக்கியிருந்தன, மேலே களிமண் பூசியிருந்தது. ஒரு மூட்டையை இழுத்ததும் பின்னால் ஒரு தகரம் தெரிந்தது. குழாயின் வாய்க்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த தகரம். கீழ்ப்பக்கத்தில் ஒரு பள்ளம். என் கால் அளவுக்கு, சின்னப் பெண்ணாக இருந்தபோதைய என் கால் அளவுக்கு.

கரும்பச்சைப் பயிர் என் கண்முன் வந்தது. காசில்லாமல் வந்த உரம். ஊரில் இருப்பவர்களையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவள் நான். கூட வேலை செய்கிறவரை, பண்ணைக்காரரை, கடைசியில் ஒரு கருவியை. இவனை மட்டும் சல்லடையில் போடவே இல்லை.

"அக்கா."

தம்பி வரப்பிலிருந்து ஓடி வந்திருந்தான். கையில் டீ பிளாஸ்க், இரண்டு டம்ளர். மூச்சு வாங்கியது. என் முகத்தையும், நான் இழுத்துப் போட்டிருந்த மூட்டையையும் பார்த்தான்.

"எடைக்குப் போட்டேன்னு சொன்ன."

அவன் டம்ளர்களைப் புல்லில் வைத்தான்.

"குழாய் படத்துல இல்லன்னு நீயே எனக்குச் சொல்லிக்குடுத்திருக்க. அந்தப் பக்கத்து வாயப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்க."

"வேற என்னக்கா பண்றது?" குரல் உடைந்தது. "வீணாப் போற தண்ணிதானே, நம்ம வயலுக்கு வரட்டுமேன்னு அடைச்சேன். இப்படிச் சிவப்புல வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்? நீ ஆபீஸ்ல சண்ட போடுவ, இங்க வந்து பாக்க மாட்டன்னு நெனச்சேன். நீ எல்லாரையும் சந்தேகப்படுவ. என்னச் சந்தேகப்பட மாட்ட."

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்னிடம் இருக்கும் ஒரே ஓட்டையை அவன் சரியாகத் தெரிந்து வைத்திருந்தான்.

"ஏண்டா, அந்தத் தண்ணிதான் உன் கரைய அறுக்குது. தெரியுமா? ஓடை தின்னலடா உன் நிலத்த. நீதான் ஊட்டிவிடற."

அவன் திரும்பி அந்தரத்தில் தொங்கும் மரத்தைப் பார்த்தான். இப்போதுதான் அதைப் புரிந்துகொள்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. அது எனக்கு நிம்மதியாக இல்லை, பாவமாக இருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊமைக்கோட்டானின் குரல் வந்தது. "மேடம்! இந்தப் பக்கம் அளந்துட்டேன். காஞ்சு கெடக்கு. அந்தப் பக்கம் குழாய் இருக்கா?"

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "இருக்குன்னு சொல்லுக்கா. பொய் இல்லயே, குழாய் இருக்குதானே? அவர் வண்டி ஏறினதும் நானே எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடறேன். பிள்ளைங்க மேல சத்தியமா."

செய்வான். அது எனக்குத் தெரியும். நாளையே தண்ணீர் பழைய வழியில் போகும், படமும் நிலமும் ஒன்றாகிவிடும். யாரும் எதையும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் அந்த அலுவலகத்தில் சந்தேகப்படுகிற ஆளே நான்தான். மறுபக்கத்து அந்த இரண்டு சகோதரிகள் மட்டும், இரண்டு மழையாகத் தங்கள் ஓடைக்கு வந்தே சேராத அழுக்குக்காக நிலத்தை விட வேண்டும். ஒரு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் என்ன செய்தோம் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

"மேடம்? இருக்கா?"

"அக்கா," என்றான் தம்பி. சின்னப் பையனாக இருந்தபோது குளியலறைக்குள்ளிருந்து கூப்பிடுவது போலவே இருந்தது.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக என் மணிக்கட்டிலிருந்து எடுத்தேன். கத்தினேன். "இருக்கு சார். ஆனா அடைச்சிருக்கு. இங்க வந்து பாருங்க."

அவர் முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், பிளாஸ்கோடு நிற்கும் என் தம்பியைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. குற்றவாளியைப் பிடித்த சந்தோஷம் இல்லை அது. ஒத்துவராத கோடு ஒத்துவரப்போகிற சந்தோஷம்தான்.

"அப்ப நடுவுல அடைச்சிருக்காங்க!" என்றார். "அதுவரைக்கும் குழாயோட ஓட்டணும், அதுக்கப்புறம் குழாய் இல்லாம. எந்த மாசம்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம், கணக்கு சரியாயிடும். அது எப்படித் தெரியும் நமக்கு?"

யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்கச் சேறு படியாத கை எனக்கு இல்லை.

தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"பாத்ரூமுக்குப் புதுக் கதவு எப்படா போட்ட?"